அடி மேல் அடி... மரக்குதிரையை வைத்துக் கணக்குப் போட்ட ஓஸ்லோ பேராசிரியர்!

பணமதிப்பிழப்பு, ஜிஎஸ்டி, கொரோனா. திருப்பூர்ல தொழில் நடத்துறவங்க இந்த மூணையும் ஒரே மூச்சில் சொல்வாங்க. முதல் அடியிலிருந்து எழுவதற்குள் அடுத்த அடி. இப்படி அடுத்தடுத்து விழும் அடிகளை 90 வருஷத்துக்கு முன்பே கணக்காகப் போட்டுப் பார்த்தவர் நார்வேயின் ராக்னர் ஃபிரிஷ்.

1895ல் ஓஸ்லோவில் பிறந்தார். அப்பா பொற்கொல்லர், மகனும் பட்டறையில் முறையாகத் தொழில் பழகினார். அம்மா வற்புறுத்தியதால்தான் பல்கலைக்கழகம் போனார். பொருளியலை ஏன் எடுத்தார்? இருந்ததிலேயே சீக்கிரம் முடிகிற படிப்பு அதுதான்!

முதல் உலகப்போருக்குப் பிறகு நார்வேயில் விலைகள் சரிந்தன. 1920களில் வங்கிகள் வரிசையாக விழுந்தன. அந்த நேரத்திலும் குரோனாவைப் பழைய தங்க மதிப்புக்கே கொண்டுபோவேன் என்று மத்திய வங்கி பிடிவாதம் பிடித்தது. பண மதிப்பு ஏற ஏற, கடன் வாங்கிய விவசாயி, வியாபாரி தலையில் பாரமும் ஏறியது. 1928ல் இலக்கைத் தொட்டாங்க. 1931ல் தொழிற்சாலைகளில் பல மாதக் கதவடைப்பு. செப்டம்பரில் தங்க இணைப்பும் போச்சு. மூணு வருஷ கௌரவத்துக்கா இத்தனை பாடு?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரிஷை, அதே 1931ல் ஓஸ்லோ பேராசிரியராக்கியது. 1933ல் அந்தப் புகழ்பெற்ற கட்டுரை வந்தது. குழந்தைகள் ஆடும் மரக்குதிரையைக் கட்டையால் அடித்தால், அடி ஒரு மாதிரி, ஆட்டம் வேறு மாதிரி. ஆட்டத்தைத் தீர்மானிப்பது குதிரையின் அமைப்பு. சும்மா விட்டால் அடங்கிவிடும்; அடி விழுந்துகொண்டே இருப்பதால் ஓயாமல் ஆடுகிறது. உவமை ஸ்வீடனின் விக்செல் தந்தது, அதைச் சமன்பாடாக்கியவர் இவர்.

அடுத்த வருஷம் இன்னொரு சிக்கலை எடுத்தார். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னா, விவசாயியிடம் நெல் கிடக்கு, செருப்பு தைப்பவரிடம் செருப்பு கிடக்கு. விற்காததால் ரெண்டு பேரும் வாங்கலை. செலவைக் குறைப்பது ஒரு முதலாளிக்குப் புத்திசாலித்தனம். எல்லா முதலாளியும் ஒரே மாதம் அதையே செய்தா சரக்கை யார் வாங்குவது?

1943ல் ஜெர்மன் ஆக்கிரமிப்பில் கைதாகி ஒரு வருஷம் முகாம்களில் இருந்தார். 1954ல் மகலநோபிஸின் கொல்கத்தா நிறுவனத்துக்கு வந்து, நம் திட்டமிடலுக்கும் யோசனை சொன்னார். மாதிரிகளை வைத்து நாட்டையே நடத்திவிடலாம் என்று அவர் கொஞ்சம் அதிகமாகவே நம்பினார் என்பது என் எண்ணம்.

1969ல் பொருளியலின் முதல் நோபல், டின்பர்கனோடு சேர்த்து. 1973 ஜனவரியில் ஓஸ்லோவில் காலமானார். அந்த அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. விலைவாசியும் வேலையின்மையும் பல நாடுகளில் ஒன்றாகவே ஏறின.