துன் சம்பந்தன்: தோட்டப் பாட்டாளிகளைப் பங்குதாரர் ஆக்கியவரின் முன் நின்ற கணக்கு என்ன?

ஜொகூரில் குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங் பக்கம் போனால் ரோட்டின் இருபுறமும் செம்பனைதான் உங்கள் கண்ணில் படும். அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரும்பாலும் பால்மரம்தான். உங்கள் தாத்தா பாட்டி அப்படி ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர்கள் என்றால், தோட்டத் துண்டாடல் என்ற சொல்லை வீட்டில் கேட்டிருப்பீர்கள்.

1950களில் வெள்ளைக்கார கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். சின்ன நிலம் வாங்கியவருக்கு எதற்கு அத்தனை ஆட்கள்? வேலை போனது. வேலை போனால் லயத்து வீடும் போச்சு. பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி காலியாகும், கோயில் அனாதையாகும். மலாயா முழுக்க நடந்த இந்தத் துண்டாடலை விரிவாக ஆராய்ந்து எழுதியவர், ஜொகூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் ஊங்கு அசிஸ்.

அதற்கு ஒரு வழி தேடியவர் வீ.தி. சம்பந்தன். 1919இல் பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1955 முதல் ம.இ.கா. தலைவர், அமைச்சரும்கூட. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. யோசனை எளிமையானது: பாட்டாளிகளே பணம் போட்டு, விற்பனைக்கு வரும் தோட்டத்தை முழுசாக வாங்கிவிடுவது.

ஒருவரின் பங்கு 100 வெள்ளி. முதலில் 10 வெள்ளி, மிச்சம் தவணையில். அன்றைக்கு 10 வெள்ளி என்பது பால் வெட்டுபவருக்குச் சில நாள் கூலி. லேசுப்பட்ட தொகை இல்லை. அமைச்சராக இருந்துகொண்டே சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி ஆள் சேர்த்தார். அடுத்த ஆண்டே கெடாவில் சுமார் 3,000 ஏக்கர் கொண்ட புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

சரி, வாங்கியாச்சு. எப்படி நடத்துவது?

பாசிர் கூடாங்கில் ஒரு பட்டறையில் பத்துப் பேருக்குப் பொறுப்பாக நீங்கள் இருந்தாலும் இந்தச் சிக்கல் புரியும். ஆளாளுக்குக் கொஞ்சம் நிலம் பிரித்துக் கொடுத்திருந்தால் அன்றைக்குக் கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் அதுவும் துண்டாடல்தானே! சங்கம் தோட்டத்தை உடைக்காமல், மேனேஜர், கிராணி, கணக்கு வழக்கு என்று கம்பெனி மாதிரியே நடத்தியது. இதைத்தான் அந்த முயற்சியின் கெட்டிக்காரத்தனமான முடிவு என்று சொல்லவேண்டும்.

அதிலும் ஒரு முடிச்சு உண்டு. பங்கு வாங்கியவர்களில் பெரும்பாலோர் சங்கத்தின் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் இல்லை. குளுவாங்கில் வேறொரு கம்பெனிக்குப் பால் வெட்டிக்கொண்டே பங்கு கட்டியவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வரவேண்டியது லாப ஈவு. புக்கிட் சிடிமில் வேலை செய்பவருக்கு வேண்டியது நிலையான வேலையும் வீடும். கூலியைத் தாராளமாக ஏற்றினால் முன்னவரின் ஈவு குறையும். ஈவுக்காக ஆளைக் குறைத்தால் சங்கம் எதற்கு என்ற கேள்வி வரும். இரண்டு பக்கமும் ஏழைப் பாட்டாளிதான், அதுதான் கஷ்டம்.

போதாததற்கு 1960களில் ரப்பர் விலை இறங்குமுகம். பழைய மரத்தை வெட்டிப் புதிதாக நட்டால், பால் எடுக்க ஐந்தாறு ஆண்டுகளாவது காத்திருக்கணும். மறுநடவுக்கு ஒதுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் இந்த வருஷ ஈவில் குறைவு; ஒதுக்காவிட்டால் பத்து வருஷத்தில் தோட்டமே கிழடு. உறுப்பினர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதும் தலைமைதான்.

கட்சியில் கதை வேறு. பதினெட்டு ஆண்டு தலைமைக்குப் பின், உட்கட்சி நெருக்கடியில் 1973 ஜூன் 30ஆம் தேதி பதவியை விட்டு விலகினார், மாணிக்கவாசகம் தலைவரானார். கட்சியில் சலிப்பு வளர்ந்திருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. அங்கே வேலையை அளக்க ஏக்கர் கணக்கோ ஈவுக் கணக்கோ கிடையாதே. சங்கத்தின் தலைமையை மட்டும் அவர் விடவில்லை.

அப்பா விட்டுப்போன ரப்பர் நிலத்தில் பெரும்பகுதியைப் பொதுவாழ்க்கைக்காக விற்றிருந்த சம்பந்தன், 1979 மே 18ஆம் தேதி காலமானார். பிறகு சங்கத்தின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் அவருடைய துணைவியார் உமா சுந்தரி.