ராபர்ட் கிளைவின் உள்ள நோய்

படவேட்டு மலையடிவாரத்தினின்று கிழக்கே இழிந்து வரும் கமண்டல நதி, பட்டுத் தறிகள் ஒலிக்கும் ஆரணியை அடைகின்றது. அவ்வாரணியருகே 1751-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இருபத்தாறு வயதே நிரம்பிய ராபர்ட் கிளைவ், பிரெஞ்சுக்காரர் துணை பெற்ற ரஜா சாகிபின் சேனையை முறியடித்தார். சரித்திர நூல்கள் அவ்வெற்றியை விரித்துரைக்கும். நாம் ஈண்டு நோக்கப் புகுவது, அவரது உள்ளத்தை நெடுநாள் வருத்திய நோயையே.

ஷ்ராப்ஷயர் நாட்டில் 1725-இல் பிறந்த அவர், கம்பெனியின் எழுத்தராய் 1744-இல் சென்னை வந்திறங்கினார். கடனும் தனிமையும் அவரை வாட்டின. ஊருக்கு எழுதிய கடிதங்களில் துயரமே நிறைந்திருந்தது. அந்நாளிலேயே உயிர் மாய்த்துக்கொள்ள முயன்றாரென அவர் சரித்திரம் எழுதினோர் கூறுவர். 1750-இல் நரம்புத் தளர்ச்சியுற்று, இளைப்பாற வங்காளம் சென்றார். அடுத்த ஆண்டிலேயே ஆர்க்காட்டு முற்றுகையில் ஐம்பது நாள் தளராது நின்றவரும் அவரே! இங்ஙனம் வீழ்தலும் எழுதலும் மாறிமாறி வந்தமையால், உடனிருந்தோர் அவற்றை நோயென எண்ணாது குணமென்றே எண்ணினர் போலும்.

இக்காலத்து வைத்தியர் அவ்வாறு விடார். துயரம் யாவர்க்கும் உண்டு. ஆனால் மனத்தளர்ச்சி நோய் வேறு. மனச்சோர்வேனும், முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மையேனும் இரண்டு வாரமாயினும் நாள்தோறும் நீடித்திருத்தல் வேண்டும். அதனோடு உறக்கக் கேடு, பசி மாற்றம், அயர்ச்சி, உடலசைவில் மந்தமேனும் படபடப்பேனும், கருத்தூன்ற இயலாமை, தன்னைப் பயனற்றவனெனப் பழித்தல், சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றுட் சில சேர்ந்து, மொத்தம் ஐந்தாயினும் காணப்படவேண்டும். அன்றாடக் கடமைகளும் தடைப்படல் வேண்டும். அளவுகடந்த ஊக்கமுற்ற காலம் எப்போதேனும் இருந்ததா என்றும் வினவுவர். இருப்பின் அது இருமுனை நோயாகலாம், மருந்தும் வேறாகும். சாவெண்ணம் உண்டாவென்று வெளிப்படையாய்க் கேட்டலால் அவ்வெண்ணம் தோன்றிவிடாது, கேளாமையே தீது. நம் நாட்டில் 2022 முதல் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கின்றது.

கிளைவுக்கோ வயிற்று வலியும் இருந்தது. வலிக்கு அபினி உட்கொண்டார். உடல் நோயும் அபினியும் உள்ளத்தைத் தாழ்த்தவல்லவாதலின், இறந்தாரைப் பார்த்து இன்ன நோயென அறுதியிட நாம் துணியோம்.

1757-இல் பிளாசியில் வென்று பெருஞ்செல்வரானார். அச்செல்வத்தின் பொருட்டே பலர் அவரை வெறுத்தனர். 1770-இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வருத்தியபின் பழிச்சொல் மிகுந்தது. நோயுற்றாரென்பதனால் அவர் செய்த கொடுமை குறையாது. கொடுமை செய்தாரென்பதற்காக நோயைத் தண்டனையென்பதும் அறிவன்று.

பார்லிமெண்டு சபை 1773-இல் அவரை விசாரித்து, நாட்டுக்குப் பெருந்தொண்டு புரிந்தாரெனத் தீர்மானித்தது. எனினும் மனம் தேறினாரில்லை. 1774 நவம்பர் 22-ஆம் நாள், லண்டன் மாளிகையில், நாற்பத்தொன்பதாம் வயதில் இறந்தார். தம் கையாலேயே இறந்தாரென்பது சரித்திர ஆசிரியர் பெரும்பாலோர் முடிபு. மோர்ட்டன் சே என்னும் சிற்றூர்க் கோயிலில், புதைத்த இடத்தைக் காட்டும் கல்லொன்றும் இன்றி, அவரை அடக்கம் செய்தனர்.