உலகம் சுற்றிய தமிழர் ஏ. கே. செட்டியார்

செட்டிநாட்டில் காரைக்குடிக்கு அருகில் கோட்டையூர் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1911-ஆம் ஆண்டு பிறந்தவர் அ. கருப்பன் செட்டியார். ஏ. கே. செட்டியார் என்றால்தான் தமிழ் மக்களுக்குத் தெரியும். ‘உலகம் சுற்றிய தமிழர்’ என்பது அவருக்கு அமைந்த பட்டப் பெயர். அது வெறும் புகழ்ச்சியன்று. அவர் உண்மையாகவே சுற்றினார். அதுவும் பெரும்பாலும் தன்னந்தனியே!

நகரத்தார் குலத்தவருக்குக் கடல் கடந்து செல்வது புதிதன்று. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று எங்கும் அவர்களுடைய வட்டிக் கடைகள் இருந்தன. இளைஞர் கருப்பனும் பர்மாவுக்குச் சென்றார். ஆனால் அவர் அங்கே பார்த்தது பத்திரிகை வேலை. ரங்கூனிலிருந்து வெளிவந்த ‘தனவணிகன்’ என்னும் இதழுக்கு ஆசிரியராக இருந்தார். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். நாங்கள் இந்த ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதவே இத்தனை நாள் திணறுகிறோம். அவரோ ஓர் இதழையே நடத்தியிருக்கிறார்!

பேனாவோடு அவருக்குப் புகைப்படக் கருவியின் மீதும் ஆசை வந்தது. 1930-களின் நடுவில் ஜப்பானுக்குப் போய் டோக்கியோவில் புகைப்படக் கலை பயின்றார். தாம் கண்ட ஜப்பானைப் பற்றித் தமிழில் ஒரு நூலும் எழுதினார். எங்கள் தண்டலம் வழியாகச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில் இன்று ஜப்பானிய, கொரிய எழுத்துகளில் உணவு விடுதிப் பலகைகளைக் காணலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் அந்நாட்டவர் பலர் பணி புரிகின்றனர். அவர்கள் நம்மைத் தேடி வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அவர்களைத் தேடிப் போன தமிழர் இவர். பின்னர் அமெரிக்கா சென்று நியூயார்க் நகரிலும் இதே கலையைக் கற்றுச் சான்றிதழ் பெற்றார்.

அக்காலத்தில் தனியே பயணம் செய்வது எப்படிப்பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கப்பலில் போக வாரக் கணக்கில் ஆகும். வீட்டிலிருந்து வரும் கடிதமும் அதே கப்பலில்தான் வர வேண்டும். அது வந்து சேரும்போது பயணி அடுத்த நகரத்துக்குப் போயிருப்பார். நம் நாடோ அடிமை நாடு. இந்தியர் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஆங்கிலேயரின் குடிமகன் என்ற பெயரில்தான் இறங்க வேண்டும். தென் ஆப்பிரிக்காவில் நிறத்தைப் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்கள். துணைக்கு ஒருவரும் இல்லாமல் இத்தனையையும் அவர் தாங்கினார்.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் அவர் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க் கொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்த நாள். நடுக்கடலில் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. காந்தியடிகளின் வாழ்க்கையைப் பற்றி ஒரு முழு ஆவணப் படம் எடுத்தால் என்ன? அதுவரை ஊர் பார்க்கப் போனவர் அதன்பின் ஒரு வேலைக்காக ஊர் ஊராய்ப் போகலானார். அவருடைய வாழ்க்கையில் நாங்கள் மிகவும் வியந்த பகுதி இதுதான்.

அன்றைக்குக் காந்தியடிகளுக்கு வயது 68. தென் ஆப்பிரிக்காவில் அவர் போராடிய காலம் கடந்து போய்விட்டது. 1930-இல் நடந்த தண்டி யாத்திரையும் 1931-இல் அவர் இலண்டன் சென்றதும் முடிந்து போனவை. நடந்து முடிந்ததை மறுபடி படம் எடுக்க முடியுமா? முடியாது. ஆனால் அந்தந்த நாளில் வெவ்வேறு நாட்டுப் படப்பிடிப்பாளர்கள் செய்திப் படங்களுக்காகத் துண்டு துண்டாக எடுத்து வைத்திருந்தார்கள். அந்தத் துண்டுகள் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், எந்த அலமாரியில் கிடக்கின்றன என்று யாருக்கும் முழுமையாகத் தெரியாது. அக்காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பற்றக் கூடியது. வைத்த இடத்திலேயே கெட்டுப் போகவும் கூடியது. தாமதித்தால் அழிந்துவிடும். ஆகவே செட்டியார் நாடு நாடாகப் போனார். ஐரோப்பா, அமெரிக்கா, தென் ஆப்பிரிக்கா என்று அலைந்தார். காந்தியடிகளை அறிந்தவர்களைத் தேடிச் சந்தித்தார். பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலண்டும் அவர்களில் ஒருவர்.

முடிவில் சேர்ந்த படச்சுருளின் நீளம் சுமார் 50,000 அடி! முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு பேர் எடுத்த காட்சிகள் அவை. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துத் தொகுத்த படம் 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழ் விளக்கவுரையோடு சென்னையில் திரையிடப்பட்டது. இசை அரசி டி. கே. பட்டம்மாள் அதில் பாடினார். இரண்டாம் உலகப் போர் நடந்த சமயம் அது. ஆங்கில அரசின் கெடுபிடியும் மிகுதி. அப்படியிருந்தும் படம் வெளிவந்தது. காந்தியடிகளைப் பற்றிய முதல் முழு நீள ஆவணப் படத்தை எடுத்தவர் ஒரு தமிழர் என்பது எங்கள் வகுப்பில் பலருக்குத் தெரியவே தெரியாது. நாடு விடுதலை பெற்ற 1947-இல் அப்படம் இந்தி விளக்கத்தோடு வந்தது. 1953-இல் அமெரிக்காவில் ஆங்கிலப் பதிப்பும் வெளியாயிற்று. பின்னாளில் படச்சுருள்கள் கண்ணில் படாமலே போய்விட்டன. பல ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடி, ஆங்கிலப் பதிப்பின் பிரதி ஒன்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருப்பதைக் கண்டறிந்தார். தேடித் தேடி எடுத்த படத்தையும் ஒருவர் தேட வேண்டியதாயிற்று!

படம் முடிந்த பிறகும் செட்டியார் ஓய்ந்துவிடவில்லை. ‘மலேயா முதல் கானடா வரை’, ‘கரிபியன் கடலும் கயானாவும்’, ‘குடகு’ என்று அவருடைய பயண நூல்கள் வந்து கொண்டேயிருந்தன. கரிபியன் கடற்பகுதிக்கு அவர் ஏன் போக வேண்டும்? அழகிய கடற்கரையைப் பார்க்கவா? அங்கே அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்கு 1838-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு மக்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டு போனார்கள். மார்த்தினிக் முதலிய பிரெஞ்சுத் தீவுகளுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்தும் தமிழர் சென்றனர். அவர்களுள் மிகப் பலர் திரும்பி வரவே இல்லை. பேரப் பிள்ளைகள் தமிழை மறந்தனர், பலர் கத்தோலிக்கராயினர், ஆயினும் மாரியம்மன் வழிபாடு அங்கே இன்றும் மறையவில்லை. அப்படி மறந்துபோன உறவினரைக் காண ஒருவர் போனாரே என்று எண்ணும்போது எங்களுக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

அவருடைய எழுத்தில் கடினமான சொற்கள் இரா. வாக்கியங்கள் சிறியவை. நகைச்சுவை உண்டு. மாளிகைகளைவிட மனிதர்களே அவற்றில் அதிகம் வருவார்கள். தம்மைப் பற்றி அவர் மிகவும் குறைவாகவே சொல்வார். புகைப்படக் கலையை இரண்டு நாடுகளில் கற்ற அவருடைய சொந்தப் புகைப்படங்களோ மிகச் சிலவே கிடைக்கின்றன! சுற்றுலாச் செல்லும்போது ஒவ்வொரு சிலைக்கு முன்னும் நம்மையே நிறுத்திப் படம் எடுத்துக் கொள்ளும் நாம் இதைச் சற்று நினைக்கலாம்.

இதைப் படிக்கும் தோழியர் ஒன்று கேட்கக் கூடும்: ஆண்பிள்ளை என்பதால் அவர் தனியே போனார்; நம்மால் முடியுமா? எங்கள் வகுப்பிலும் இந்தக் கேள்வி எழுந்தது. காஞ்சிபுரம் போவதற்கே எங்களுக்கு அண்ணனோ அத்தையோ துணைக்கு வர வேண்டும். பெற்றோரின் அச்சமும் காரணமற்றதன்று. ஆனால் செட்டியாருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1883-இல், ஆனந்திபாய் ஜோஷி என்னும் பதினெட்டு வயது மராத்தியப் பெண் கணவரின் துணையின்றிக் கல்கத்தாவில் கப்பலேறி அமெரிக்கா சென்றார். 1886-இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். பெற்றோர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் குறித்து வைத்துக் கொள்ள வேண்டுமென்று பணிவோடு கேட்டுக் கொள்கிறோம்.

1943-இல் செட்டியார் ‘குமரி மலர்’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். பழைய இதழ்களிலும் நூல்களிலும் மறைந்து கிடந்த அரிய கட்டுரைகளைத் தேடியெடுத்து அதில் மீண்டும் அச்சிட்டார். முன்பு படச்சுருளைத் தேடிய அதே கை இப்போது பழந்தாள்களைத் தேடியது. தமிழ்நாட்டின் ஊர்களைப் பற்றி நூறாண்டுகளுக்கு மேலாகப் பலர் எழுதிய பயணக் கட்டுரைகளை எல்லாம் தொகுத்து 1968-இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். உலகம் முழுவதும் சுற்றியவர், மாட்டு வண்டியில் நம் ஊர்களைச் சுற்றியவர்களின் எழுத்தையும் காப்பாற்றி வைத்தார்.

1983-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அவர் காலமானார். குமரி மலரும் அவ்வாண்டோடு நின்றது.