எழுதிப் பார்த்துப் படித்த மேதை: ஹர் கோவிந்த் கொரானா

விஞ்ஞானி ஹர் கோவிந்த் கொரானா அவர்களின் பெயர் நம் மாணவர் பலருக்குப் பரீட்சை வினாவொன்றின் விடையாகவே தெரியும். அன்னாரின் வாழ்வை நம் வாலிபரும் பெரியோரும் சிறிது விரிவாக அறிதல் வேண்டுமெனக் கருதி இதனை எழுதலானோம்.

பஞ்சாபின் முல்தான் மாவட்டத்திலே ராய்ப்பூர் என்றொரு சிற்றூர். நூறு பேரளவில் வாழ்ந்த அவ்வூரில் எழுத்தறிந்த குடும்பம் ஏறக்குறைய ஒன்றே. அதன் தலைவர் வரிக்கணக்கு எழுதும் கிராமக் கணக்கர். அவருடைய ஐந்து மக்களுள் கடைக்குட்டி கொரானா. பிறந்த நாள் திட்டமாகத் தெரியாது. பதிவிற் கண்டது 1922 ஜனவரி 9. (பதிவுத் தேதியே பிறந்த தேதியாகிவிட்ட பெரியோர் நம் லயங்களிலும் பலர் உளர்.) முதற் பாடங்களை ஊராசிரியர் மரத்தடியிலே சொல்லிக் கொடுத்தார்.

லாகூரில் முதுமாணிப் பட்டம் பெற்று, 1945 இல் அரசாங்கப் புலமைப்பரிசிலுடன் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரஞ் சென்று, 1948 இல் கலாநிதியானார். இதற்கிடையே 1947 இல் நாடு பிரிந்தது. ராய்ப்பூர் பாகிஸ்தானாயிற்று, குடும்பத்தார் டில்லிக்கு அகதிகளாயினர். சூரிச்சில் ஓராண்டளவு சம்பளமின்றி ஆராய்ச்சி செய்துவிட்டு 1949 இல் தாய்நாடு திரும்பியவருக்கு அங்கே தக்க வேலை கிடைக்கவில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான மக்களின் வழிவந்த நமக்கு, இவ்விடத்தை எளிதிற் கடந்து செல்ல இயலவில்லை. கேம்பிரிட்ஜும், 1952 இல் கனடாவின் வான்கூவரும், 1960 இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் அவருக்கு இடங்கொடுத்தன.

அவர் அவிழ்த்த முடிச்சு யாது? அதைத் தோட்டத்து நடைமுறை கொண்டே விளக்குவோம். கந்தோரிலுள்ள பெரிய புத்தகம் வெளியே போவதில்லை. அன்றன்று வேண்டியது ஒரு துண்டிலே பெயர்த்தெழுதப்பட்டு ஸ்டோருக்குப் போகும். நம் உடற் கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ. அந்தப் புத்தகம், தூது ஆர்.என்.ஏ. அந்தத் துண்டு, இரைபோசோம் அந்த ஸ்டோர். அங்கே வேறு வகைச் சிறு ஆர்.என்.ஏ.க்கள் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாய்ச் சுமந்து வர, துண்டிற் கண்ட வரிசைப்படி அவை கோக்கப்பட்டுப் புரதமாகின்றன.

துண்டில் உள்ள எழுத்துக்களோ நான்கே. அமினோ அமிலங்கள் இருபது. இரண்டிரண்டு எழுத்தாகச் சேர்த்தால் 16 சொற்களே ஆகும், போதா. மும்மூன்றாகச் சேர்த்தால் 64. ஆனால் எந்தச் சொல் எதைக் குறிக்கும்? 1961 இல் நிரன்பேர்க், மத்தாய் என்போர் ‘யூ’ என்னும் ஓரெழுத்தையே தொடராக்கிக் கொடுத்துப் பார்க்க, பீனைலலனீன் என்னும் ஒரே அமிலத்தின் சங்கிலி வந்தது. அகராதியின் முதற் சொல் அது.

எஞ்சிய சொற்களுக்கு வழி கண்டவருள் கொரானா தலையாயவர். தெரியாத மொழியை வாசிக்க முயல்வதை விட்டு, தாமே அம்மொழியில் எழுதி, கலத்தின் சாற்றிடம் வாசிக்கக் கொடுத்தார்! சிறு டி.என்.ஏ. துண்டுகளை இரசாயன முறையிற் பொறுமையோடு கட்டி, நொதியங்களால் நீட்டி, அவற்றிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்தார். ‘யூசியூசியூசி’ என்று மாறிமாறி வரும் தொடரைக் கொடுத்தபோது செரீனும் லூசீனும் மாறிமாறிக் கோத்த சங்கிலி பிறந்தது. இரண்டிரண்டாய் வாசித்திருந்தால் ஒரே அமிலமன்றோ வந்திருக்கும்? மும்மூன்றாய் வாசித்தால் ‘யூசியூ’, ‘சியூசி’ என இரு சொற்கள். எது எதற்குரியது என்பதை வேறு சோதனைகள் உறுதி செய்தன. மூன்று சொற்கள் மட்டும் எவ்வமிலத்தையுங் குறியாமல், சங்கிலி முடிந்தது எனக் காட்டும் முற்றுப்புள்ளிகள். ஓரெழுத்துப் பிழைத்தாலும் புரதம் பிழைக்கக்கூடும். நம் நாட்டுப் பிள்ளைகள் பலரை இடையறாது இரத்தமேற்றவைக்கும் தலசீமியா நோய்க்குப் பெரும்பாலும் இத்தகைய பிழையே காரணம்.

1968 இல் நிரன்பேர்க், ஹோலி ஆகியோருடன் கொரானாவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு இந்தியா பத்ம விபூஷண் வழங்கியது; இருபதாண்டுகளின் முன் வேலை வழங்காத அதே இந்தியா. பரிசோடு அவர் ஓய்ந்தாரல்லர். 1970 இல் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனம் சேர்ந்து, 1976 இல் முழுதும் ஆய்வுகூடத்திலே கட்டிய பரம்பரையலகு ஒன்றை உயிருள்ள பற்றீரியாவினுள் இயங்கச் செய்தார். இப்பொழுது வேண்டிய டி.என்.ஏ. துண்டை இயந்திரமே கட்டித் தருகின்றது. அந்நாளில் அவர்தங் குழுவினர் ஒவ்வோரெழுத்தாகக் கையாலே சேர்த்தனர்.

மரத்தடியில் எழுத்துப் பயின்ற அப்பெருமகனார் 2011 நவம்பர் 9 இல், தம் 89 ஆம் வயதில், அமெரிக்காவின் கொன்கோர்ட் நகரிற் காலமானார்.