தாமே சென்ற படைவீரர்

சட்டத்திற்கு அஞ்சிப் படையில் சேர்பவர் உண்டு. கூலிக்காகச் சேர்பவரும் உண்டு. இரண்டும் இன்றித் தம் மனமே கட்டளையிடச் சென்றவர் ஆங்கிலக் கவிஞர் எட்வர்டு தாமஸ்.

1878-ஆம் ஆண்டு லண்டனில், வேல்ஸ் நாட்டவரான பெற்றோருக்கு அவர் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் மாணவராயிருந்தபோதே ஹெலனை மணந்தார். மனைவியையும் மூன்று குழந்தைகளையும் காப்பாற்ற, மதிப்புரைகளும் உரைநடை நூல்களும் ஓயாது எழுதினார். எழுத்து சோறிட்டது, மன அமைதி தரவில்லை. சோர்வு அவரை வாட்டியது. 1913-இல் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் பிராஸ்டின் நட்பு வாய்த்தது. தாமஸின் உரைநடையிலேயே கவிதை உறைந்திருப்பதை அந்நண்பர் உணர்த்தினார். 1914 டிசம்பரில் தாமஸ் முனைந்து கவிதை எழுதலானார்.

அதற்குள் முதல் உலகப்போர் மூண்டிருந்தது. பிரிட்டனில் கட்டாயப் படைச்சேர்ப்பு 1916-இல்தான் வந்தது. தாமஸோ 1915 ஜூலையிலேயே, 37-ஆம் வயதில், 'ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைபிள்ஸ்' என்னும் தொண்டர் படையில் சேர்ந்தார்.

விந்தையான படை அது! பிரான்சு படையெடுக்குமோ என்ற அச்சம் நிலவிய 1859-இல், எட்வர்டு ஸ்டெர்லிங் என்ற ஓவிய மாணவரின் முயற்சியால் முளைத்தது. ஓவியரும் சிற்பியரும் இசைவாணரும் அதில் திரண்டனர். புகழ்பெற்ற ஓவியர் பிரடெரிக் லெய்ட்டன் அதற்குத் தலைமை தாங்கினார். போர்க்கடவுள் மார்ஸும் கலைத்தேவி மினர்வாவும் அதன் சின்னத்தில் இணைந்து நின்றனர். முதல் உலகப்போரில் அப்படையே ஒரு பயிற்சிப் பள்ளியாகி, 10,000-க்கும் மேற்பட்ட அதிகாரிகளை உருவாக்கி அளித்தது.

எசெக்ஸிலிருந்த ஹேர் ஹால் முகாமில் தாமஸ் வீரர்களுக்கு நிலப்படம் படிக்கக் கற்பித்தார். கிராமத்துப் பாதைகளில் நடந்து பழகியவருக்கு ஏற்ற பணி! ஓய்வு நேரங்களில் கவிதையும் வளர்ந்தது. எதற்காகப் போரிடுகிறார் என்று தோழி எலினார் பார்ஜன் வினவியபோது, குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துக் காட்டினாராம். பகைவர்மீது கொண்ட வெறுப்பன்று, மண்மீது கொண்ட பற்றே அவரை அழைத்துச் சென்றது.

ஆசிரியராகவே அவர் முகாமில் தங்கியிருக்கலாம். ஆனால் பீரங்கிப் படையில் அதிகாரியாகி, போர்முனைக்குச் செல்லவும் தாமே முன்வந்தார். 1917 ஜனவரியில் பிரான்சு சென்றார். ஏப்ரல் 9-ஆம் நாள், அராஸ் போரின் முதல் நாளிலேயே உயிர் துறந்தார். வயது 39.

ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் அவர் இயற்றியவை 140-க்கும் மேற்பட்ட கவிதைகள். அவற்றுள் மிகப்பல அவர் மறைந்த பின்னரே நூல்வடிவம் பெற்றன.

தாமே விரும்பிச் செல்வது பெருமைதான். ஆயினும் அதன் விலையைக் கொடுத்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர்; ஹெலனும் மூன்று குழந்தைகளுங்கூடக் கொடுத்தனர். தொண்டர் படைகளின் புகழைப் பேசுவோர் இந்தக் கணக்கையும் மறத்தலாகாது.