பிள்ளையை வளர்க்கும் உரிமை யாருக்கு? வழக்கின் இரு பக்கமும் நின்ற அன்னி பெசண்ட்

சென்னைக்குப் போய் வரும் நம்மவர்களில் பலர் பெசண்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கோ, அதே கடற்கரையில் உள்ள அஷ்டலட்சுமி கோயிலுக்கோ சென்றிருப்பார்கள். அந்த வட்டாரத்துக்குப் பெயர் தந்தவர் அன்னி பெசண்ட் அம்மையார். 1917இல் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர் என்பது பலர் அறிந்த செய்தி. பிள்ளை வளர்ப்பு உரிமைக்காக அவர் இருமுறை நீதிமன்றம் ஏறிய கதையை அறிந்தவர்கள் குறைவு.

அன்னி 1847 அக்டோபர் 1ஆம் தேதி இலண்டனில் பிறந்தார். இருபது வயதில் பிராங்க் பெசண்ட் என்னும் பாதிரியாரை மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். கைக்குழந்தை மேபல் கடும் நோயில் துடித்தபோது தாயின் மத நம்பிக்கை ஆட்டம் கண்டது. கணவரோடு ஒத்துப்போக முடியாமல் 1873இல் பிரிந்தார். மகன் தந்தையிடமும் மகள் தாயிடமும் வளர்வது என ஒப்பந்தமானது.

அதன்பின் அன்னி மேடைகளில் நாத்திகம் பேசினார். குடும்பக் கட்டுப்பாட்டை விளக்கும் நூலொன்றைச் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து வெளியிட்டதற்காக 1877இல் குற்றவாளிக் கூண்டிலும் நின்றார். மேல்முறையீட்டில் தண்டனை நீங்கியது. ஆனால், மறு ஆண்டே மகளைக் கேட்டுக் கணவர் வழக்குப் போட்டார்.

வழக்கறிஞர் இல்லாமல் அன்னியே வாதாடினார். அவர் மகளை அன்போடு வளர்க்கிறார் என்பதை நீதிபதி மறுக்கவில்லை. ஆயினும் தாயின் கொள்கையையும் அவர் வெளியிட்ட நூலையும் காரணம் காட்டி, எட்டு வயதுகூட நிரம்பாத மேபலைத் தந்தையிடம் ஒப்படைக்க உத்தரவிட்டார். மேல்முறையீடும் தோற்றது. வளர்ந்து ஆளானபின் இரு பிள்ளைகளும் தாயைத் தேடி வந்தனர்.

1893இல் இந்தியா வந்த அன்னி, 1907இல் பிரம்மஞான சபையின் தலைவரானார். சபையின் தலைமையகம் சென்னை அடையாற்றில் இருந்தது. அங்கே பணியாற்றிய நாராயணய்யா, மனைவியை இழந்தவர். அவருடைய மகன் ஜே. கிருஷ்ணமூர்த்தியை உலகுக்கு வரப்போகும் குருவாகச் சபையினர் கருதினர். 1910இல் கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தாவையும் அன்னியின் பொறுப்பில் விடுவதாகத் தந்தை கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

பிறகு அவர் மனம் மாறியது. சபையின் லெட்பீட்டரோடு பிள்ளைகள் பழகுவதும், மகனைத் தெய்வமாக்குவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அன்னி இருவரையும் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றிருந்தார். 1912இல் தந்தை வழக்குத் தொடுத்தார். மகளை இழந்த தாய், இப்போது இன்னொருவர் பிள்ளைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளத் தாமே வாதாடினார். 1913இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

அன்னி இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1985 வரை மலேசிய வழக்குகளும் சென்று முடிந்த இடம் அது. 1914இல் அவர் வென்றார். பிள்ளைகள் இங்கிலாந்தில் இருப்பதால் வழக்கு அங்கேதான் நடந்திருக்க வேண்டும், அவர்கள் தரப்பும் கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பது முடிவு.

அதே தீர்ப்பு தந்தையின் நிலையையும் விளக்கியது. பாதுகாவலர் பொறுப்பு புனிதமானது. தந்தை உயிரோடிருக்கும்போது அதை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. வளர்ப்பையும் படிப்பையும் ஒருவரிடம் ஒப்படைக்கலாம், திரும்பவும் கேட்கலாம். ஆனால், திரும்பப் பெறுவது பிள்ளைக்குக் கேடு என்றால் நீதிமன்றம் தடுக்கலாம்.

பிள்ளைகள் தந்தையின் பொறுப்புக்குத் திரும்பவில்லை. அன்னி எண்ணிய வழியிலும் கிருஷ்ணமூர்த்தி நிற்கவில்லை. தமக்காக அமைக்கப்பட்ட இயக்கத்தை 1929இல் தாமே கலைத்தார். 1933 செப்டம்பர் 20ஆம் தேதி, 85 வயதில், அன்னி அடையாற்றில் காலமானார்.

மலேசியாவின் 1961ஆம் ஆண்டு சிறார் பாதுகாவலர் சட்டத்தில், பிள்ளை வளர்ப்பில் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை என்பது 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. வேலைக்காகவோ படிப்புக்காகவோ பிள்ளையைப் பாட்டியிடமும் உறவினரிடமும் விட்டு வளர்க்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. எந்தத் தாளில் கையெழுத்திடும் முன்பும் அந்தப் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்து, அதன் விருப்பத்தைக் கேட்பது நல்லது.