சாதாரணச் சிப்பாயிலிருந்து தளபதி வரை... விசாரணைக்கு முன்பே முடிந்த ஹெக்டர் மெக்டொனால்டின் கதை!

இலங்கையில் பிரிட்டிஷ் படைகளின் தளபதி. விக்டோரியா ராணி காலத்துப் போர்களில் பேர் வாங்கிய ஹீரோ. 1903 மார்ச் 25 அன்று பாரிஸ் ஹோட்டல் ஒன்றில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார் சர் ஹெக்டர் மெக்டொனால்ட். அப்படி என்னதான் நடந்தது?

யார் இவர்?

1853-ல் ஸ்காட்லாந்தின் மலைநாட்டில், ஏழைக் குத்தகை விவசாயி வீட்டில் பிறந்தவர். துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டு, 17 வயதில் சிப்பாயாகச் சேர்ந்தார். அந்த ராணுவத்தில் அதிகாரி ஆக குடும்பப் பின்னணியும் பணமும் வேணும். இவரிடம் ரெண்டுமே இல்லை. ஆனாலும், ஆப்கன் போரில் காட்டிய துணிச்சல் அவரை அதிகாரி ஆக்கியது. 1898-ல் சூடானின் ஓம்துர்மன் போரில், திடீரெனத் திரும்பிவந்த தாக்குதலை இவரது படை தடுத்து நின்றது. 'ஃபைட்டிங் மேக்' எனக் கொண்டாடினார்கள். 1901-ல் சர் பட்டமும் வந்தது.

இலங்கையில் என்ன பிரச்னை?

1902-ல் இலங்கைப் பதவி. அங்கிருந்த தோட்டத் துரைமார்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. ஓராண்டுக்குள், சிறுவர்களுடன் பாலுறவு வைத்திருந்தார் என்ற புகார் வெடித்தது. விவகாரம் பெரிதாகாமல் இருக்க, ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வே அவரை லண்டனுக்கு அனுப்பினார். இலங்கைக்கே திரும்பி ராணுவ நீதிமன்றத்தைச் சந்திக்கணும் என்பது லண்டனின் முடிவு. திரும்பும் வழியில் பாரிஸில் தங்கியிருந்தபோது, புகார் பத்திரிகைச் செய்தியானது. அன்றே எல்லாம் முடிந்துபோனது.

1884-லேயே ரகசியமாகத் திருமணம் செய்தவர், ஒரு மகனும் உண்டு என்பது பலருக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. எடின்பரோவில் விடியற்காலையில், சத்தமில்லாமல் அடக்கம் செய்தார்கள். விஷயம் பரவியதும் ஆயிரக்கணக்கானோர் கல்லறைக்குத் திரண்டார்கள்.

இன்றும் ஏன் விவாதம்?

ஏழை மகன் உயர்ந்தது பொறுக்காமல் செய்த சதி என்பது ஒரு தரப்பு. புகார் உண்மையே என்பது இன்னொரு தரப்பு. அன்றைய பிரிட்டனில் இரு ஆண்கள் மனமொத்துப் பழகுவதும், சிறுவர்களிடம் அத்துமீறுவதும் ஒரே 'அசிங்கம்' என்ற கணக்குதான். அதிகாரிகளின் கவலையெல்லாம் விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பதில் இருந்தது. விசாரணை நடக்கவே இல்லை. அதனால் மெக்டொனால்ட் மீதான பழி தீரவும் இல்லை. அந்தச் சிறுவர்களுக்கு என்ன நடந்தது என்று எந்த நீதிமன்றமும் கேட்கவும் இல்லை.